காகிதப் பியானோ

அத்தியாயம் பதினான்கு

பியானோ வீட்டுக்கு வருவதற்கு முன்பே அம்மா அதை வெட்டிவிட்டாள்.

பழுப்புக் காகிதத்தில். நேற்றுச் சாயங்காலம் நடனப் பள்ளிக்குத் தானே போனாள். அங்கே விற்பனைக்கு நின்ற பழைய கிராண்ட் பியானோவின் மூடிமேல் காகிதத்தை விரித்து, ஓரத்தோடு நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கு அளவெடுப்பதுபோல. காலையில் வெட்டும் மேஜையில் போட்டுக் கத்தரித்தாள். சுருட்டி, நூல் கட்டி, தையல் மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றாள் சுண்டு.

"உங்க அண்ணன் வரட்டும். அப்புறம் நீ இழுத்து விட்ட, நான் சுருக்கி விட்டேன்னு பேச்சு வரக்கூடாது."

சுண்டு என்பது வீட்டுப் பெயர். கடைசியாகப் பிறந்தவள், ஆகவே சுண்டுவிரல். முப்பத்தெட்டு வயதிலும் அதுதான். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் மட்டும் டீச்சர்.

அம்மாவின் தையல் கடையான முன்னறைத் தரையில் ஏற்கனவே ஒரு பியானோ கிடந்தது. ஷோரூமில் கொடுத்த, பியானோவின் அளவு அச்சடித்த வெள்ளைத் தாள். புதுசு, குட்டி கிராண்ட். போன வாரம் அண்ணன் அதைக் கொண்டுவந்து விரித்து, "இதை நான் வாங்கித் தரேன்" என்று அறிவித்ததிலிருந்து அந்த அறையில் யாரும் நேராக நடக்கவில்லை. தாளை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூடச் சுற்றித்தான் போனார்கள். தையல் கடை வாசலுக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவில் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

அதுதான் சுண்டுவுக்கு எரிச்சல்.

அவளுக்குப் பரிசாக ஒரு பியானோ முன்பே வந்திருக்கிறது. கல்யாணமான வருஷம் மாமனார் வாங்கிக் கொடுத்தது. அதன் மூடிமேல் குடும்பப் போட்டோக்கள் நின்றன. மூடியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் ஒன்பது பேரை இறக்கி வைக்க வேண்டும். இறக்கினால் மாமியார் முகமும் இறங்கும். ஆறு மாதம் முன்பு அவள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, கணவன் கதவருகே நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

"பில் அப்பா பேர்ல இருக்கு."

அவள் பெட்டியோடு இறங்கி வந்துவிட்டாள்.

இப்போது அம்மாவின் கடைக்குப் பின்னறையில், சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கிற ஓர் அப்ரைட் பியானோவில் சொல்லிக்கொடுக்கிறாள். கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற பின்களுக்குப் பிடிமானம் போய்விட்டது. சுருதி சேர்த்த வாரமே இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு அது போதும். மறுபடி மேடையேறுவது என்று முடிவெடுத்த பிறகு அவளுக்குப் போதவில்லை. ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினால் பாதித் தட்டல் ஊமையாகிவிடுகிறது. கிராண்டில் அப்படி ஆகாது.

"கிராண்டா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

வாசலில் கார் நின்றது. அண்ணன். பல் டாக்டர். உலகத்தில் எதையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் நம்புவான்.

"கிளம்பலாமா? முதல்ல புதுசு. அப்புறம் உன் கிழவி."

"கிழவி இல்ல. வயசு தெரிஞ்சவ."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

* * *

ஷோரூமில் செருப்புச் சத்தம் கேட்காதபடி கம்பளம் போட்டிருந்தார்கள். விற்பனைக்காரர் ஸ்டூலின் உயரத்தை அவளுக்காகத் திருகிக் கொடுத்தார்.

அவள் வாசித்தாள். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஒரே கட்டையைத் தட்டி. ஒரு தட்டல்கூட ஊமையாகவில்லை. அடியிலிருந்து உச்சிவரை ஒரே சீர். எதைக் கேட்டாலும் சரி என்றது. நல்ல பியானோ. குறை சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

அண்ணன் கைகளைப் பின்னால் கட்டி நின்றான். தங்கை வாசிக்கும்போது அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான், பள்ளிக்கூட அசெம்பிளிபோல.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"சொன்னேன்ல? பத்து வருஷம் வாரண்டி. எதாவது ஆச்சுன்னா அவங்களே வந்து பாப்பாங்க."

விற்பனைக்காரர் பேனாவை எடுத்தார். "பில் யார் பேர்ல சார்?"

"கிளினிக் பேர்ல போட்டுடுங்க."

சுண்டு கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"கிளினிக் பேர்லயா?"

"வரிக்கும்மா. வெயிட்டிங் ரூமுக்கு வாங்கினதா காட்டிக்கலாம். யார் பேர்ல இருந்தா என்ன? வாசிக்கப் போறது நீதானே?"

"உன் வெயிட்டிங் ரூம்ல நான் எத்தனை வருஷம் உக்காரணும்?"

விற்பனைக்காரர், ஏற்கனவே பளபளத்த மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"சுண்டு. நான் உன் புருஷன் இல்ல."

"தெரியும். அவனும் முதல்ல 'யார் பேர்ல இருந்தா என்ன'ன்னுதான் சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

அவள் எழுந்தாள். ஸ்டூலைப் பழைய உயரத்துக்குத் திருகி வைத்துவிட்டு நடந்தாள்.

காரில் ஏறினார்கள். சிக்னலில் அவன்தான் ஆரம்பித்தான்.

"உன் சேமிப்புல பழசுதான் வரும்."

"வர்றது வரட்டும்."

"அது நீளம் ஜாஸ்தி. அம்மா கடைக்குள்ள அடங்குமா? துணிக் கட்டு உள்ள வரணும்னா கதவு முழுசா திறக்கணும். அம்மாவை நடுரோட்ல உக்காந்து வெட்டச் சொல்லுவியா?"

"அதுக்குத்தானே காகிதம் வெட்டி வச்சிருக்காங்க."

"அடங்கலைன்னா?"

"அடங்கலைன்னா நான் வாயைத் திறக்காம உன் புதுசுக்கு வரேன். பில்லை யார் பேர்ல வேணும்னாலும் போட்டுக்க."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ரோஷத்தில் வந்த வார்த்தை. திருப்பி வாங்கலாம், வாங்குகிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

"அடங்கிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றான் அண்ணன்.

"நீயா?"

"ஏன், முடியாதா?"

"ஊர்ல எல்லாரையும் திறக்கச் சொல்றவன் நீ."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கியரை மாற்றுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

* * *

நடனப் பள்ளியின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர் மூலையில் அந்தப் பியானோ. கறுப்பு மங்கிப் பழுத்திருந்தது. வளைவில் ஓரிடத்தில் பாலிஷே இல்லை. பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்க அதைத்தான் பிடித்துக்கொள்வார்களாம். பள்ளி வேறு கட்டிடத்துக்குப் போகிறது. அங்கே மாடி, பியானோ ஏறாது.

நடன டீச்சர் நிமிர்ந்த முதுகோடு வந்து வணங்கினாள்.

"நேத்து உங்க அம்மா வந்தாங்க. ரொம்ப நேரம் இருந்தாங்க. என் பிளவுஸ் கை இறக்கம் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"மன்னிச்சுக்குங்க."

"சரியாத்தான் சொன்னாங்க."

அண்ணன் போன் விளக்கைப் போட்டுக் கட்டைகள்மேல் குனிந்தான்.

"நாலு பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு. ரெண்டு மஞ்சள். இது என்ன, இந்தப் பல்லு ஆடுது."

"வேர் கெட்டி, டாக்டர்" என்றாள் நடன டீச்சர்.

அது உண்மை. சுருதி சேர்க்கிறவர் போன வாரமே வந்து பார்த்துச் சொல்லியிருந்தார். பின்கள் இறுகப் பிடித்திருக்கின்றன. சுத்தியல்களில் கம்பி பட்டுப் பள்ளம், இழைத்துச் சரிசெய்யலாம். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ஒலிப்பலகையில் ஒரு விரிசல், இதுவரை கரகரவென்று அதிரவில்லை. இனிமேல் அதிராது என்று எழுதிக் கொடுக்க அவர் தயாரில்லை.

சுண்டு உட்கார்ந்தாள். ஸ்டூல் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

அடியில் இருந்த கம்பிகள் அவள் எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் பேசின. இடுப்பெலும்பில் அதிர்ந்தது. நடுவில் ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிட உரக்கக் கத்தியது. அதைத் தட்டிக் கேட்டாள், அடங்கவில்லை. விரலைத் தளர்த்தி மெல்லக் கேட்டாள், இறங்கி வந்தது. மறுபடி அதே இடம் வந்தபோது விரல் தானாகவே தளர்ந்தது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். ஒன்றுகூட ஊமையாகவில்லை.

காலையில் வாசித்தது எல்லாவற்றுக்கும் சரி என்றது. இது எதிர்த்துப் பேசியது. அவளுக்கு எதிர்த்துப் பேசுகிறவர்களிடம்தான் பேச வரும்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணனும் அதைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். கொஞ்ச நேரம் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினான். திரும்பி வந்தபோது குரலில் காரம் ஏறியிருந்தது.

"தானமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் முழுசா ஒண்ணு தரேங்கறேன். நீ ஆடுற பல்லுக்குக் காசு கொடுக்கறேங்கற."

"அதுக்குத்தான் தானம் வேணாங்கறேன். எனக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கணும். பிடிச்சுப் பாத்து, நல்லதோ கெட்டதோ, நானே சொல்லணும். பல் டாக்டர் நீ. உனக்குப் போய் நான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

நடன டீச்சர் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்றாள். "திங்கக்கிழமை இந்த ரூமைக் காலி பண்றோம். வேற ஆளுங்களும் கேக்கறாங்க."

* * *

வெள்ளைத் தாளை மடித்து ஓரம் வைத்தார்கள். அம்மா நூலை அவிழ்த்தாள். பழுப்புக் காகிதம் தரையில் உருண்டு விரிந்தது.

பெரிசுதான். கட்டைகள் வரும் பக்கத்தைச் சுவரோரம் வைத்தார்கள். வால் பக்கம் மேஜையை நோக்கிப் போனது. இடுப்பு வளைவு வாசலைப் பார்த்தது.

"திற" என்றான் அண்ணன்.

சுண்டு கதவைத் திறந்தாள். கதவின் அடி காகிதத்தின்மேல் இரண்டு விரற்கடை ஏறி நின்றது.

காகிதத்தைப் பின்னுக்கு இழுத்தார்கள். வால் மேஜைக்கு அடியில் போனது. மேஜைப் பக்கம் சரித்தார்கள். அம்மாவின் ஸ்டூலுக்கு இடமில்லை. முன்பின்னாகத் திருப்பினார்கள். கதவு பிழைத்தது, மெஷின் மாட்டிக்கொண்டது. மறுபடி முதல் இடத்துக்கே வந்தார்கள்.

இரண்டு விரற்கடை.

அண்ணன் ஜெயித்தவன்போல நிற்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீ சொன்ன வார்த்தைதான்" என்றான் மெதுவாக.

"நான் மறக்கல."

"ஷோரூமுக்குப் போன் பண்ணட்டுமா?"

அவள் தலையாட்டினாள். அவன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு நகர்ந்தான். அம்மா மெஷினில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடிக்க ஆரம்பித்தாள்.

சுண்டு முட்டி போட்டுக் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினாள். ஒரு முழம் சுருட்டியிருப்பாள். கை நின்றது.

"அம்மா. இது என்ன கோடு?"

"எந்தக் கோடு?"

"ஓரத்துக்கு உள்ள, சுத்திவர நீலமா போகுதே."

"அது தையல் கோடு." அம்மா நிமிரவில்லை.

"அப்போ அதுக்கு வெளில இருக்கறது?"

"தையலுக்கு விட்டது."

மெஷின் இரண்டு தையல் போட்டது. பிறகு நின்றது.

அண்ணனின் போனுக்குள் யாரோ, "ஹலோ, ஹலோ சார்" என்றார்கள்.

"பியானோவை யாரும்மா தைக்கப் போறாங்க?" என்றாள் சுண்டு.

அம்மா எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா விடாம வெட்டினதில்லடி. கோடு போட்டா, தள்ளித்தான் கத்தரி போகும். கை அதுபாட்டுக்கு விட்டிருச்சு."

"பின்னால பிரிச்சு லூஸ் பண்ணிக்கலாம்னு விட்டிருப்பாங்க" என்றான் அண்ணன். "வளர்ற பிள்ளை பாரு."

"வாயை மூடுடா."

சுண்டு மேஜையில் இருந்த பெரிய கத்தரியை எடுத்தாள்.

"ஐயோ, அதை எடுக்காத! அது துணிக் கத்தரி. காகிதத்துல வச்சா மொக்கையாயிடும். பச்சைப் பிடி போட்டது எடு."

பச்சைப் பிடியை எடுத்தாள். நீலக் கோட்டின்மேலேயே வெட்டினாள். சுற்றிலும் வெட்டி முடிக்க நேரமாயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. வந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். பழுப்பு நாடாவாக ஓரம் விழுந்தது. அதைக் காலால் தள்ளினாள். காகிதத்தை மறுபடி விரித்தாள். சுவரோரம் ஒரு விரற்கடை உள்ளே போனது. கதவுப் பக்கம் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

கதவைத் திறந்தாள்.

காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் சுற்றி, கதவு சுவரில் போய் முட்டியது.

"மயிரிழை" என்றான் அண்ணன்.

"போதும்."

அவன் போனை அணைத்தான். வெகு நேரம் காகிதத்தையே பார்த்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவன், திறந்தான்.

"சரி, ஒண்ணு கேளு. புதுசையே வாங்கலாம். பில்லும் உன் பேர்ல. கிளினிக்கும் வேணாம், வரியும் வேணாம். நீ அங்க ஆறு மாசம் முன்னாடி ஒத்தப் பெட்டியோட இறங்கினப்ப நான் ஒண்ணும் பண்ணல சுண்டு. இதையாவது பண்ண விடு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கிளினிக் பேரை எதிர்ப்பது சுலபமாக இருந்தது.

"வேணாம்ண்ணா."

"ஏன்?"

"நீ குடுத்தா நான் சந்தோஷப்படுவேன். தினம் சந்தோஷப்படணும். உங்க வீட்ல யாராவது மூஞ்சைத் தூக்கினா அன்னிக்கும் சந்தோஷமா இருந்தாகணும். என்னால முடியாது. அது எதிர்த்துப் பேசுது, பல்லு ஆடுது, நாளைக்குப் பலகை அதிர்ந்தாலும் அதிரும். அதிர்ந்தா நான் உக்காந்து அழுதுக்கறேன். என் பியானோவுக்கு நான் அழறேன். அது போதும்."

அம்மா கீழே கிடந்த பழுப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கினாள்.

"பிடிவாதத்துல அவங்கப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றாள். யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல. எல்லோருக்கும் கேட்டது.

சுண்டு நடன டீச்சருக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே டீச்சர் எடுத்தாள்.

"டீச்சர், நான் எடுத்துக்கறேன். இடம் அடங்குது. முன்பணம் கொண்டு வரட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, சங்கடமும் சந்தோஷமுமாக.

"முன்பணம் எதுக்கு? முழுசும் வந்தாச்சே. உங்களுக்கு இன்னும் தெரியாதா? ஐயோ, நான்தான் உளறிட்டேனா?"

"என்ன வந்தாச்சு?"

"நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல உங்க வீட்டுக்காரர் வந்தார். செக் கொடுத்துட்டார். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், சொல்லாதீங்கன்னார். திங்கக்கிழமை லாரிக்கு அவர் வீட்டு அட்ரஸ்தான் கொடுத்திருக்கார். நீங்க அங்கதானே திரும்பிப் போறீங்க?"

சுண்டு காகிதத்தைப் பார்த்தாள். நீலக் கோடு இப்போது இல்லை. கோடுதான் ஓரம்.

"செக்கை பேங்க்ல போட்டுட்டீங்களா?"

"இல்ல, நாளைக்கு மறுநாள்தான்..."

"போடாதீங்க. அது என் பணம் இல்ல. நான் எங்கயும் திரும்பிப் போகல. பியானோவும் போகாது. நான் வந்துட்டிருக்கேன்."

போனை வைத்தாள். அறைக்குள் திரும்பினாள்.

அவள் நடனப் பள்ளிப் பியானோவைப் பார்க்கிறாள் என்பது வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நேற்று அங்கே ரொம்ப நேரம் இருந்துவிட்டு வந்தவள். ஒருவன் இன்று வராந்தாவில் தாழ்ந்த குரலில் பேசியவன்.

"அவன்கிட்ட யார் சொன்னது?"

அம்மா காகித உருண்டையைக் கையில் அமுக்கிக்கொண்டு நின்றாள். அண்ணன் கார் சாவியைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"நல்லதுக்குத்தான்..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது.

அவள் கையை உயர்த்தினாள். எந்தக் குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தெரிந்துகொண்டால் இங்கேயே நின்று சண்டை போட வேண்டியிருக்கும். அதற்கு நேரம் இல்லை.

"வந்து கேக்கறேன். யாருன்னு சொல்ல ரெடியா இருங்க."

"இரு, நான் கொண்டு போய் விடறேன்" என்றான் அண்ணன்.

"பஸ் இருக்கு."

பையை எடுத்து மாட்டினாள். காகிதப் பியானோவை மிதிக்காமல், அதன் வளைவை ஒட்டி நடந்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு எதிலும் இடிக்காமல் முழுசாகத் திறந்தது.